கைத்தொலைபேசியின் இருப்பிடத்தைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாண நகரில் கைத்தொலைபேசி திருத்தும் தொழிலில் இருப்பவர்களிடம் இன்று அடிக்கடி வரும் கோரிக்கை, "இந்தப் போன் இப்ப எங்கை நிற்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்பதாகும். நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்தவர்களும், பேருந்து நிலையத்தில் பறிகொடுத்தவர்களும், ரியூசனுக்குப் போன பிள்ளை இன்னும் திரும்பவில்லை என்று பதறும் பெற்றோரும், கனடாவில் இருந்துகொண்டு ஊரிலுள்ள தகப்பனின் நடமாட்டத்தை அறிய விரும்பும் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். என்னிடம் வேலை பழகும் இளைஞர்கள் அக்கோரிக்கையை மிக விரைவாக நிறைவேற்றிவிடுகிறார்கள். அந்த விரைவிலேயே, இத்தொழிலில் பழையவர்கள் பட்டுத் தெளிந்த பிழைகளை மறுபடியும் செய்கிறார்கள்.

கடவுச்சொல்லை மறப்பது, இருப்பிடச் சேவையை அணைத்து வைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றால் நட்டப்படுபவர் போனின் உரிமையாளர் மட்டுமே. அடுத்த முறை அவரே திருந்திக்கொள்வார். சம்பந்தமில்லாத வேறொருவர் தண்டனை அனுபவிக்க நேரும் தவறுகளே எனக்குக் கவலை தருகின்றன.

புள்ளி காட்டிய வீட்டின் படலையைத் தட்டுவது

இத்தவறு இன்றைக்கும் எனக்குக் கோபம் மூட்டுவது. போனைத் தொலைத்த ஒருவர் ஒருநாள் பிற்பகல் வந்தார். வேலை பழகும் இளைஞன் அவருடைய கணக்கைத் திறந்து, வரைபடத்தை விரல்களால் பெரிதாக்கிக்கொண்டே போய், ஓர் ஒழுங்கையின் முடக்கில் இருந்த ஓட்டு வீட்டைக் காட்டி, "இந்த வீடுதான் அண்ணை" என்று சொல்லிவிட்டான். அன்று மாலையே உறவினர்கள் சிலர் மோட்டார் சைக்கிள்களில் போய் அந்த வீட்டின் படலையடியில் நின்று சத்தமிட்டார்கள். அயலவர்கள் கூடினார்கள். அந்த வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பொடியன் இருந்தான்; எல்லோருடைய பார்வையும் அவன் மீதே விழுந்தது. மறுநாள், பின் ஒழுங்கையில் குடியிருந்த முச்சக்கர வண்டிச் சாரதி, பின் ஆசனத்தின் இடுக்கில் கிடந்த போனைத் தானாகவே கொண்டுவந்து ஒப்படைத்தார். போன் கிடைத்த மகிழ்ச்சியில் அந்தப் பொடியனிடம் போய் மன்னிப்புக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஊரார் கண்ணில் அவன் நெடுநாள் கள்வனாகவே இருந்தான். "படத்தில் தெரிந்ததைத்தானே சொன்னேன்" என்று எங்கள் இளைஞன் சொன்ன பதில்தான் என்னை இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் படத்தில் அப்படித் தெரியவே இல்லை.

படத்தில் தெரிந்தது ஒரு வட்டம். அதன் நடுவிலுள்ள புள்ளி ஒரு கணிப்பின் மையம் மட்டுமே. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞைகள் தடையின்றி வந்து சேரும் திறந்த வெளியில், ஒரு திறன்பேசி தன் இடத்தை ஏறத்தாழ 5 மீற்றர் ஆரத்துக்குள் கணித்துவிடும். கொங்கிறீற் கூரையின் கீழோ, வாகனத்தின் ஆசனத்துக்கு அடியிலோ கிடக்கும்போது அந்தச் சமிக்ஞைகள் நலிந்துவிடுவதால், அருகிலுள்ள வைஃபை ரௌட்டர்களையும் தொலைபேசிக் கோபுரங்களையும் வைத்தே அது இடத்தை ஊகிக்கிறது. அப்போது வட்டத்தின் ஆரம் பத்துக்கணக்கான மீற்றரிலிருந்து சில கிலோமீற்றர் வரை விரியலாம். ஆரம் 30 மீற்றர் என்றால், வட்டத்துக்குள் அடங்கும் நிலம் எங்கள் ஊர் நில அளவையில் ஏறத்தாழ 11 பரப்பு. இரண்டு பரப்புக்கு ஒரு வீடு என்று நெருங்கிக் கிடக்கும் கோண்டாவில், கொக்குவில் ஒழுங்கைகளில் அதற்குள் ஐந்து குடும்பங்கள் இருக்கும். அன்ட்ரொயிட் தரும் துல்லிய அளவுகூட 68 சதவீத நிகழ்தகவுக்கே கணிக்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை போன் அந்த வட்டத்துக்கு வெளியிலேயே இருக்கக்கூடும் என்பதே இதன் பொருள். விரல்களால் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும், கணிப்பு கூர்மையடையாது.

வைஃபை வழியான கணிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த ரௌட்டரின் சமிக்ஞை முன்பு எந்த இடத்தில் கேட்டது என்ற பதிவை நம்பியே அது வேலை செய்கிறது. கொக்குவிலில் வாடகைக்கு இருந்த குடும்பம் தன் ரௌட்டரையும் எடுத்துக்கொண்டு சாவகச்சேரிக்கு வீடு மாறினால், பதிவு புதுப்பிக்கப்படும் வரை சாவகச்சேரியில் உள்ள போன் கொக்குவிலில் நிற்பதாகக் காட்டப்படலாம். அந்தப் பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

படலையடியில் போட்ட சத்தத்தோடு இது முடியும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்ததை அறிய வேண்டும். 2020 ஆகஸ்டில், தன் ஐபோனைப் பறிகொடுத்த ஒரு பதின்ம வயதினன், செயலி காட்டிய வீட்டுக்குத் தன் கூட்டாளிகளுடன் போய் அதிகாலையில் தீ வைத்தான். செனகல் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர், இரு குழந்தைகள் உட்பட, அதில் உயிரிழந்தார்கள். போனைப் பறித்தவர்களுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. அதே நகரில் 2022 ஜனவரியில், களவு போன வாகனமொன்றில் இருந்த ஐபோனின் இருப்பிடக் காட்டியை நம்பி, ஆயுதம் தரித்த பொலிஸார் 77 வயதுப் பெண் ஒருவரின் வீட்டை உடைத்துத் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. 2024 இல் அவருக்கு 37.6 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்குமாறு ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பயிற்சி பெற்ற பொலிஸாரே வட்டத்தை வீடாக வாசித்திருக்கிறார்கள் என்றால், பதற்றத்தோடு நிற்கும் ஒரு வாடிக்கையாளரிடம் எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என்னிடம் பழகுபவர்கள் ஒருபோதும் வீட்டைச் சுட்டக்கூடாது. "இந்தப் பகுதியில், இத்தனை மணிக்கு, இவ்வளவு ஆர வட்டத்துக்குள் கடைசியாகப் பதிவானது" என்று மட்டுமே சொல்ல வேண்டும். வட்டம் முழுவதும், நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். போனை உடனே தொலைவிலிருந்து பூட்டி, தொடர்பு கொள்ள வேறொரு இலக்கத்தைத் திரையில் தோன்றச் செய்யலாம், ஒலிக்கவிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பெட்டியில் அச்சிட்டிருக்கும், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணுடன் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்குள் நுழைந்து தேடும் அதிகாரம் சட்டத்தின் வழியே வருவது; செயலி அதை எவருக்கும் தருவதில்லை.

பழைய நேரத்தை இப்போதைய நேரமாக வாசிப்பது

புள்ளிக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் நேரத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. இருபது நிமிடத்துக்கு முந்திய புள்ளி யாழ். நகரில் நிற்கும்போது, போனைப் பறித்தவனின் மோட்டார் சைக்கிள் சுன்னாகத்தைக் கடந்திருக்கலாம். பிறருடைய போன்கள் அருகே கடந்து போகும்போது புளூடூத் வழியே கேட்டு அறிவிக்கும் வலையமைப்புகளிலும் இதே நிலைதான். அவை தருவது, கடைசியாக யாரோ ஒருவரின் போன் அதன் அருகில் வந்த இடத்தையும் நேரத்தையுமே. கூகுளின் வலையமைப்பு இயல்பான அமைப்பில் ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களுக்கே பொருந்தும் என்பதால், அமைதியான ஒழுங்கைகளில் எதுவும் பதிவாகாமலே போகலாம்.

களவைக் காட்டிலும் குடும்பங்களுக்குள் இது அதிகம் வேதனை தருகிறது. நெடுந்தீவுக்குப் போன தகப்பனின் புள்ளி குறிகட்டுவான் இறங்குதுறையிலேயே மணிக்கணக்கில் நின்றதைப் பார்த்து, ரொறொன்ரோவில் இருந்த மகள் இரவிரவாக உறவினர்களை எழுப்பிப் பொலிஸுக்கு அனுப்பத் தயாரான சம்பவம் எனக்குத் தெரியும். கடலில் சமிக்ஞை விட்டுப்போனது, அவ்வளவுதான். வேறொரு குடும்பத்தில் தாயின் புள்ளி நாள் முழுதும் வீட்டிலேயே நின்றதால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அவரோ போனை மின்னேற்றத்தில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகும் வழியில் விழுந்து காலை முறித்திருந்தார். புள்ளி போனின் இடத்தையே சொல்கிறது. ஆளின் நிலையை அறிய அயல்வீட்டாரின் தொலைபேசி இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

ஐ.பி. முகவரியைக் கொண்டு ஆளைத் தேடுவது

இணைய இணைப்புக்குரிய எண்ணான அது, யாழ்ப்பாணத்தில் இருப்பவரைப் பெரும்பாலும் கொழும்பில் காட்டும். விட்டுவிடுங்கள்.

ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் கொடுத்தால் இடம் காட்டும் இணையத்தளங்களை நம்புவது

அவை பொய். அந்த எண்ணைத் தன் வலையமைப்பில் காணக்கூடியது தொலைபேசி நிறுவனம் மட்டுமே. அத்தகவல் சட்டவழியில் பொலிஸாருக்கே போகும்.

முதல் வேலையாகத் தரவை அழிப்பது

அன்ட்ரொயிட் போனில் அழித்தபின் தேட முடியாது. முதலில் பூட்டுங்கள்.

உறவு இருந்தால் சம்மதம் தேவையில்லை என்று எண்ணுவது

"மனிசிக்குத் தெரியாமல் அவளின்ரை போனிலை ஒண்டு போட்டுத் தாங்கோ" என்று கேட்டு வருபவர்களை எங்கள் தொழிலில் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். புதிதாக வந்தவர்கள், கணவன் தானே கேட்கிறார், போனை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தானே என்று இசைந்துவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கியவர் எவராயினும், ஒரு மனிதரின் நடமாட்டம் அவருக்கே உரியது. இன்னொருவரின் சாதனத்துக்குள்ளோ கணக்குக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். செயலியைப் பொருத்திக் கொடுத்த கைக்கும் அதில் பங்கு உண்டு. சட்டத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும், எந்தச் செயலைச் செய்யப் போகிறார் என்று தெரியாத ஒருவருக்கு இன்னொருவரின் ஒவ்வொரு அடியையும் கையில் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது! தப்பி வேறு வீட்டுக்குப் போன ஒரு பெண்ணை அந்தப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். யார் எங்கே இருக்கிறார் என்ற தகவலால் உயிர்கள் போன மண்ணில் வாழும் எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் அறிந்து, இருவரும் விரும்பினால், அதற்கு நேரான வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று வரம்பிட்டுப் பகிரலாம். இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் போகும் மகள் எட்டு மணி நேரத்துக்குத் தானே பகிர்வது, வீட்டில் உள்ளவர்களுக்கும் நிம்மதி, அவளுக்கும் மரியாதை. வயது வந்த பிள்ளையின் போனில் நிரந்தரமாகப் பகிர்வை ஏற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. சிறுவர்களாயின், அவர்களிடம் சொல்லிவிட்டே பெற்றோர் அதைச் செய்ய வேண்டும்; வட்டம் பக்கத்து ஒழுங்கைக்குச் சரிந்ததை வைத்து, ரியூசனுக்குப் போன பிள்ளையைப் பொய்யன் என்று அடிப்பதற்கு அது கருவியாகக் கூடாது.

வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து வெளியேறாமல் விடுவது

உடனே வெளியேறுங்கள். திரைப்பிடிப்புகளையும் கடைப் போனிலிருந்து அழியுங்கள்.

உளவுச் செயலியைக் கண்டவுடன் நீக்கிவிடுவது

"என்னை ஆரோ பின்தொடருகினம் போலை இருக்கு" என்று ஒரு பெண் வந்து போனைக் கொடுக்கும்போது, கண்டவுடன் செயலியை நீக்கிக் கொடுப்பது உதவியாகத் தோன்றும். நீக்கிய கணமே அதைப் பொருத்தியவருக்குத் தெரிந்துவிடலாம். அவர் வன்முறையாளராயின் அன்றிரவே ஆபத்து கூடலாம். சான்றும் அழிந்துவிடும். முதலில், இரகசியமான பேச்சுகளுக்கு வேறொரு போனைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் இணைந்துள்ளன, கூகுள் மப்ஸில் இருப்பிடம் யாருக்குப் பகிரப்படுகிறது, வாட்ஸ்அப்பில் வேறு சாதனம் இணைக்கப்பட்டுள்ளதா என்பவற்றை எதையும் மாற்றாமல் அவரோடு சேர்ந்து பார்த்து, அவருடைய விருப்பத்துடன் படம் எடுத்து வையுங்கள். ஐபோனாயின், 2022 இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல் பாதுகாப்புச் சரிபார்ப்பு (Safety Check) என்ற வசதி உண்டு. எல்லாப் பகிர்வையும் ஒரே தடவையில் நிறுத்தக்கூடியது என்பதால் அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். பை, மோட்டார் சைக்கிள் ஆசனம் ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஏயார்ராக் போன்ற, தாம் இருக்கும் இடத்தை உரியவருக்கு அறிவிக்கும் சிறு வில்லைகள் உடன் பயணித்தால், 2024 மே முதல் அன்ட்ரொயிட் 6 உம் அதற்கு மேற்பட்டவையும் எச்சரிக்கை காட்டும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும், உடனடி ஆபத்தாயின் 119 ஐயும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; அந்தப் போனில் சேமிக்க வேண்டாம். எப்போது நீக்குவது, முறைப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அவர் திரும்பி வந்து சொல்லும் நாளில் நீக்கிக் கொடுங்கள். அதற்குக் காசு வாங்காதீர்கள்.