குட்டிக்குத் தீனி வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

என் முதல் நாய் பாரி, லாப்ரடார். மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது தீனியோடு தினமும் கால்சியம் டானிக்கும் ஊற்றினேன். பெரிதாக வளரப் போகிறவன், எலும்பு உறுதியாக வேண்டும் என்ற நினைப்பு. ஐந்தாம் மாதம் முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் நொண்டினான். கால்நடை மருத்துவர் தீனிப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவன் சாப்பிடும் தீனியிலேயே போதிய கால்சியம் இருப்பதைக் காட்டி, டானிக்கை அன்றோடு நிறுத்தச் சொன்னார். கால் தேறிவர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவன் படியேற முடியாமல் கீழே நின்று என்னைப் பார்ப்பான். அடுத்த குட்டி மின்னி வந்தபோது நான் பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்பக்கம்தான்.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது புரத அளவு அல்ல. இந்தத் தீனி எந்தப் பருவத்துக்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் ‘வளர்ச்சிப் பருவம்’ அல்லது ‘எல்லாப் பருவமும்’ என்று இருந்தால் குட்டிக்குக் கொடுக்கலாம். வளர்ந்த நாய்க்கு மட்டும் என்றிருந்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அதை முழு உணவாக நம்ப வேண்டாம்.

அடுத்து புரதம். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவுகோலைத்தான் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம். இது ஈரப்பதத்தைக் கழித்தபின் வரும் கணக்கு. பலரும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். உலர்தீனியில் 26 சதவீதம், டின் உணவில் 8 சதவீதம் என்று பார்த்ததும் டின்னை ஒதுக்கிவிடுவார்கள். டின்னில் 78 சதவீதம் தண்ணீர் என்றால் மிச்சம் 22தான். எட்டை 22ஆல் வகுத்தால் 36 சதவீதம் வருகிறது. உலர்தீனியில் 10 சதவீதம் ஈரம் என்றால் 26ஐ 90ஆல் வகுக்க வேண்டும். 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த டின்னில்தான் புரதம் அதிகம்!

சதவீதம் மட்டும் தரத்தைச் சொல்லிவிடாது. ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கித்தான் புரதம் என்று போடுகிறார்கள். அது கறியிலிருந்து வந்ததா, எளிதில் செரிக்காத தோலிலிருந்தும் ரோமத்திலிருந்தும் வந்ததா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. மூலப்பொருள் வரிசையைப் படியுங்கள். இன்ன விலங்கின் கறி என்று பெயர் சொல்லியிருப்பது நல்லது.

புரதம் கூடினால் மூட்டு கெடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் எலும்பைக் கெடுத்தது புரதம் அல்ல, மிகையான கால்சியம். சிறு குட்டியின் குடலுக்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுத்தது உள்ளே போய்விடும். பாரிக்கு நான் செய்தது அதுதான். எனவே முழுமையான தீனி சாப்பிடும் குட்டிக்கு டானிக்கும் வேண்டாம், எலும்புத் தூளும் வேண்டாம். வளர்ந்தபின் 32 கிலோவுக்கு மேல் போகும் இனம் என்றால் உலர் எடையில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். லாப்ரடார் இந்த எல்லைக்கோட்டில் நிற்கும் இனம். நான் பெரிய இனக் குட்டித் தீனியையே எடுத்தேன்.

வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களுக்கு இதற்கு நேரெதிரான ஆபத்து உண்டு. வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக்கொடுத்த அளவு இல்லாமல் குட்டிக்கு அதைத் தொடங்காதீர்கள்.

நல்ல தீனியைத் தேர்ந்தெடுத்தபின் அளவில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. லாப்ரடார்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. கூடப்பிறந்த குட்டிகளில் ஒன்றைவிட மற்றொன்றுக்குக் கால் பங்கு குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் தாமதமாகவே வந்தது. இதைப் படித்தபின் நான் கிண்ணத்தால் அளப்பதை விட்டுச் சமையலறைத் தராசுக்கு மாறினேன்.

பத்து வாரத்தில் மின்னி 6 கிலோ. சும்மா படுத்திருந்தாலும் உடம்புக்கு ஒரு நாளில் வேண்டிய கலோரியை முதலில் கணக்கிட வேண்டும். கிலோவில் எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் 268 கலோரி. நான்கு மாதம்வரை அதைப் போல மூன்று மடங்கு, பிறகு இரண்டு மடங்கு. அவளுக்கு அப்போது சுமார் 800 கலோரி. எங்கள் தீனியில் 100 கிராமுக்கு 380 கலோரி, ஆக நாளுக்கு 210 கிராம். அதை நான்கு வேளையாகப் பிரித்தேன். மூன்று மாதத்துக்குப் பின் மூன்று வேளை. இந்தக் கணக்கு தொடங்குவதற்குத்தான், பிறகு உடம்பைப் பார்த்து மாற்ற வேண்டும். விலாவைத் தடவினால் எலும்பு எளிதில் கைக்குப் பட வேண்டும், துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும்.

தீனியை மாற்றும்போது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் வயிற்றுப்போக்குதான். சிறிய இனங்களுக்கு 9 முதல் 12 மாதம்வரை குட்டித் தீனி போதும், பெரியவற்றுக்கு ஒன்றரை வயதுவரைகூடப் போகலாம்.

மின்னிக்கு இப்போது ஐந்தரை மாதம், 17 கிலோ. போன ஞாயிறு தடவிப் பார்த்தபோது விலா சற்று ஆழத்தில் பட்டது. நாளுக்கு 20 கிராம் குறைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு மறுபடி பார்ப்பேன்.