தொட்டி அலாரம் ஏன் ஒலிக்கவில்லை? கையால் செய்த மின்சுற்றில் பழுது காணும் முறை

போன ஐப்பசியில் உவரியிலிருந்து என் அக்காள் மகன் வந்திருந்தான். திசையன்விளை வழியாக பஸ்ஸில் வந்தவன் மடியில் ஒரு டிபன் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தான். அதற்குள் எங்கள் மாடித் தொட்டிக்காக அவன் செய்த அலாரம். தொட்டி நிரம்பியதும் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். இதேபோல ஒன்றை அவர்கள் வீட்டில் பொருத்தியிருக்கிறான். இதையும் கிளம்புமுன் அங்கேயே சோதித்து, ஒலித்ததைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தான்.

பாளையங்கோட்டையில் ஒலிக்கவில்லை.

"டிரான்சிஸ்டர் போய்விட்டது மாமா" என்றான். மாற்றினான். ஒலிக்கவில்லை. இன்னொன்று மாற்றினான், பிறகு மூன்றாவது. மாலைக்குள் பலகையின் செம்புத் தடம் சூட்டில் கறுத்துவிட்டது. பழுது என்றதும் கையில் இருக்கும் பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் செய்வது. நல்ல பாகங்கள் வீணாகின்றன. புதுப் பழுதுகளும் சேர்ந்துகொள்கின்றன. மாற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். அந்த அலாரத்தையே எடுத்துக்காட்டாக வைத்து அளக்கும் வரிசையைச் சொல்கிறேன்.

சுற்று இதுதான்

ஒரு 9 வோல்ட் பேட்டரி. அதன் பிளஸ்ஸிலிருந்து ஒரு கம்பி தொட்டிக்குள் போகிறது. அருகிலேயே இரண்டாவது கம்பி. தண்ணீர் இரண்டையும் தொட்டால் மின்சாரம் தண்ணீர் வழியே இரண்டாவது கம்பிக்கு வந்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை (மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பாகம்) கடந்து, பி.சி. 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும். பேஸிலிருந்து மைனஸுக்கு ஒரு 100 கிலோ ஓம். எமிட்டர் மைனஸில். பேஸ், கலெக்டர், எமிட்டர் மூன்றும் டிரான்சிஸ்டரின் கால்கள்; பேஸுக்கு வரும் சிறு மின்சாரம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய மின்சாரம் போகக் கதவைத் திறந்துவிடும். பிளஸ்ஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே 12 வோல்ட் பஸ்ஸர். 9 வோல்ட்டிலும் நன்றாகவே ஒலிக்கும். பஸ்ஸருக்கு இணையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.

வேலை தொடங்குமுன் இதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். மனதில் இருக்கும் சுற்று வேறு, பலகையில் இருக்கும் சுற்று வேறு. பலகையைப் பார்த்துப் பார்த்து வரைந்தாலே பாதிப் பழுதுகள் கண்ணில் படும்.

கருவி என்று பார்த்தால் விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றே போதும். ஒரு பூதக்கண்ணாடியும் பழைய பல் துலக்கும் பிரஷும் இருந்தால் நல்லது. இங்கே சொல்வதெல்லாம் பேட்டரியில் ஓடும் சுற்றுகளுக்கு மட்டுமே. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நுழையும் எதிலும், கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் உட்பட, இந்த முறையில் கை வைக்காதீர்கள். தண்ணீரில் கம்பி போகும் சுற்றுக்கு பேட்டரியைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முதல் படி: பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

ஐந்து நிமிடம் கண்ணால் மட்டும் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். எல்.ஈ.டி.யின் குட்டைக் கால் மைனஸ் பக்கம்தானா? உங்கள் சுற்றில் டயோடு இருந்தால் அதன் வளையம், எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர் இருந்தால் மைனஸ் கோடு, இரண்டும் சரியான பக்கமா? பழுப்பு கறுப்பு சிவப்பு என்றால் 1 கிலோ ஓம். பழுப்பு கறுப்பு ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். இரவு விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் ரெசிஸ்டரைப் பொருத்துமுன் மீட்டரில் அளந்துவிடுங்கள். பலகையில் ஏறிவிட்டால் பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும்.

டிரான்சிஸ்டரின் கால்களில் ஏமாறாதவர்கள் குறைவு. பி.சி. 547-இன் தட்டை முகம் நம்மைப் பார்த்திருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே கறுப்புப் பிளாஸ்டிக் உடலில் வரும் சில 2என் 2222-களில் இந்த வரிசை தலைகீழ். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை நடுக்காலில் தொட்டுக் கறுப்பு முனையை மற்ற இரண்டிலும் மாறி மாறித் தொடுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வரை காட்டினால் நடுக்கால்தான் பேஸ். டிரான்சிஸ்டரும் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. மருமகன் கழற்றி வீசிய மூன்றையும் இப்படிச் சோதித்தேன். மூன்றும் நல்லவை.

பிறகு ஈயப் பற்று. நல்ல பற்று காலை அணைத்தபடி மலைச்சரிவுபோல வழிந்து பளபளக்கும். உருண்டையாக, மங்கலாக, சொரசொரவென்று நின்றால் சூடு போதவில்லை. மீண்டும் உருக்கி விடுங்கள். எங்கள் பலகையில் பூதக்கண்ணாடி வழியே வேறொன்று தெரிந்தது. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு ஓர் ஈய இழை. மூன்றாவது டிரான்சிஸ்டரை வைத்தபோது வழிந்தது. மீட்டரைப் பீப் நிலையில் (இரண்டு இடங்கள் நேரே இணைந்திருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து இரண்டு கால்களையும் தொட்டேன், பீப் என்றது. தொட்டிக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் வந்தாலும் அந்த இழை வழியாக நேரே மைனஸுக்கு ஓடிவிடும். பிளேடு முனையால் கீறி எடுத்தோம்.

"முதலில் எல்.ஈ.டி. லேசாக எரிந்தது மாமா, அப்புறம்தான் அதுவும் போய்விட்டது" என்று அப்போதுதான் சொன்னான். எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் அது. எங்கும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாம் படி: மின்சாரம் வந்து சேர்கிறதா?

பேட்டரியை மாட்டுமுன் பலகையின் பிளஸ், மைனஸ் தடங்களுக்கு நடுவே பீப் நிலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் மாட்டாதீர்கள். எங்கோ நேரடித் தொடுப்பு இருக்கிறது.

அடிக்கவில்லையென்றால் மாட்டி, மீட்டரை டி.சி. 20 வோல்ட் நிலைக்குக் கொண்டுவந்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் நிலையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு முனை மட்டும் நகரட்டும்: பேட்டரி, பலகையின் பிளஸ் தடம், பஸ்ஸரின் பிளஸ் கால். மூன்றிலும் ஒரே அளவு வர வேண்டும். எங்கே குறைகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது. பஸ்ஸர் ஒலிக்கும்போதும் பேட்டரியை அளந்து பாருங்கள். சும்மா இருக்கையில் 9 காட்டும் கிழட்டு பேட்டரி, சுமை ஏறியதும் 6-க்குச் சரிந்துவிடும். ஈயம் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டு என்றால் ஓரத்து மின்தடம் சில பலகைகளில் பாதியில் அறுந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் அளக்கப் போகாதீர்கள். பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்ததற்குச் சமம் அது.

மூன்றாம் படி: சுற்றைப் பாதியாக வெட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. எல்லாப் பாகங்களையும் வரிசையாகச் சோதிக்கத் தேவையில்லை. பழுது வெளியீட்டுப் பக்கமா உள்ளீட்டுப் பக்கமா என்று ஒரே தொடுதலில் பிரித்துவிடலாம்.

சிறு கம்பியால் டிரான்சிஸ்டரின் கலெக்டரையும் எமிட்டரையும் இணைத்தோம். பஸ்ஸர் அலறியது. பேட்டரி, பஸ்ஸர், எல்.ஈ.டி. மூன்றும் நலம். இனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. (இந்தச் சோதனையை எல்லாச் சுற்றிலும் செய்துவிடாதீர்கள். இங்கே நடுவில் பஸ்ஸர் இருப்பதால்தான் ஆபத்தில்லை.)

அடுத்து, அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, தொட்டிக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் வெளியே எடுத்து ஒன்றோடொன்று தொடவைத்தோம். பஸ்ஸர் மறுபடி அலறியது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே அளந்தால் 0.1 வோல்ட், டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கிறது. மருமகன் முகத்தைப் பார்த்தேன். சுற்றில் எந்தப் பழுதும் இல்லை!

நான்காம் படி: நிஜமாக வேலை செய்யும் இடத்தில் அளங்கள்

கம்பிகளைத் தொட்டித் தண்ணீரில் விட்டோம். எல்.ஈ.டி. மின்மினிபோல மங்கலாக எரிந்தது, பஸ்ஸர் மௌனம். கலெக்டர் எமிட்டர் நடுவே ஏறக்குறைய 6 வோல்ட். கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று பொருள்.

பேஸுக்கு எவ்வளவு மின்சாரம் வருகிறது? அதற்கு மீட்டரை ஆம்பியருக்கு மாற்ற வேண்டாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் வோல்ட் அளந்தால் போதும். 0.3 வோல்ட் இருந்தது. 0.3-ஐ 10,000-ஆல் வகுத்தால் 30 மைக்ரோ ஆம்பியர். அதில் ஆறேழு 100 கிலோ ஓம் வழியே போய்விடும். மிச்சத்தை இந்த டிரான்சிஸ்டர் சுமார் 200 மடங்காக்கும் என்று வைத்தாலும் 5 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. பஸ்ஸர் கேட்பதோ 20-க்கு மேல்.

அப்படியென்றால் உவரியில் எப்படி ஒலித்தது? அங்கே அவர்கள் தொட்டியில் ஏறுவது கடலோரக் கிணற்றுத் தண்ணீர். வாயில் விட்டாலே உப்புக் கரிக்கும். எங்கள் தொட்டியில் இருப்பது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து இறங்கும் ஆற்று நீரில் கரைந்த உப்பு குறைவு. உப்பு குறைந்தால் மின்சாரம் கடப்பதும் குறையும். குடிக்க இனிக்கும் தண்ணீர்தான் அவன் அலாரத்தை ஊமையாக்கியது. மூன்றல்ல, முப்பது டிரான்சிஸ்டர் மாற்றியிருந்தாலும் அது ஒலித்திருக்காது.

தீர்வு எளிது. இன்னொரு பி.சி. 547. முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை மைனஸிலிருந்து பிரித்து இரண்டாவதன் பேஸில் கொடுங்கள். இரண்டு கலெக்டரையும் சேர்த்துவிடுங்கள். இரண்டாவதன் எமிட்டர் மைனஸுக்கு. டார்லிங்டன் இணைப்பு என்பார்கள். முதலாவது பெருக்கியதை இரண்டாவது மறுபடி பெருக்கும். இப்போது கலெக்டரில் சுமார் 0.8 வோல்ட் காட்டும். 0.1 வரவில்லையே என்று பதற வேண்டாம், இந்த இணைப்பு 0.8-க்குக் கீழே பெரிதாக இறங்காது.

பெருக்கம் கூடினால் சிறு கசிவும் பெருகும். மழைக்காலத்தில் பலகை ஈரமானால் தொட்டி காலியாக இருந்தும் அலாரம் ஒலிக்கலாம். ஈயப் பற்றில் மிஞ்சிய பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு துலக்கிவிடுங்கள். அந்த 100 கிலோ ஓமைத் தேவையில்லை என்று எடுத்துவிடாதீர்கள். சிறு கசிவை மைனஸுக்கு வடித்துவிடுவது அதுதான்.

ஐந்தாம் படி: உதவி கேட்கும் விதம்

இத்தனைக்குப் பிறகும் சிக்கினால் தெரிந்தவரிடம் கேளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் அவராலும் ஊகிக்கத்தான் முடியும். மருமகனுக்கு இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. சென்ற மாதம் வேறொரு சுற்றுக்காக அதிலிருந்து பார்த்துத் தொலைபேசியில் இப்படிச் சொன்னான்: "மாமா, பேட்டரி 8.9. பலகையிலும் 8.9. கலெக்டர், எமிட்டரை இணைத்தால் ரிலே இழுக்கிறது. சென்சரை மூடினால் பேஸில் 0.2 தான் வருகிறது. நேற்று சென்சர் வயரை மட்டும் மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை."

"அந்த வயரின் இரண்டு முனைக்கும் பீப் பார் மருமகனே" என்றேன். அரை நிமிடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.