உறுப்பினரை நீக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பெரும்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் காலை 6 மணிக்கு எங்கள் பறவை நோக்கும் குழு கூடும். ஓர் ஆகஸ்ட் ஞாயிறன்று எங்களில் ஒருவர் மட்டும் 30 அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. ஆறு ஆண்டு உறுப்பினர் அவர். வியாழன் இரவு 11.30 மணிக்கு அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியவன் நான். கிளம்பும்போது அருகில் வந்து, "நான் என்ன தவறு செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

நடந்தது இதுதான். நீளவால் இலைக்கோழி, நீரில் மிதக்கும் இலைகளின் மேலேயே கூடு வைக்கும். வழக்கமாக நான்கு முட்டைகள் இருக்கும்; அடைகாப்பது ஆண் பறவை. பக்கத்தில் ஆள் இறங்கினால் இலை அமிழும், முட்டை தண்ணீருக்குள் உருளும். அப்படியொரு கூட்டின் இடத்தை வரைபடக் குறியோடு அவர் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை மூன்று பேர் கேமராவோடு முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றார்கள். கோபம் வந்ததில் தவறில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு நான் செய்த காரியத்தில் தவறுகள் அடுக்கடுக்காக இருந்தன. அதன்பின் வேறு குழுக்களின் சண்டைகளையும் பார்த்துவிட்டேன். மாடித் தோட்டக் குழுவோ நாணயம் சேகரிப்போர் குழுவோ, எங்கும் இதே தவறுகள்தான்.

முதல் தவறு, இல்லாத விதியை மீறியதாக ஒருவரைத் தண்டிப்பது. கூட்டின் இடத்தைப் பகிரக்கூடாது என்பது எங்களுக்குள் எல்லோரும் அறிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். குழுவில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட நாங்கள் அதை எழுதி வைக்கவில்லை. வாய்மொழி வழக்கம் பழையவர்களுக்குத்தான் தெரியும். பழையவர்களிலும் எல்லோருக்கும் தெரியாது.

அடுத்தது கேட்காமல் நீக்குவது. என் மனத்தை இன்றும் அறுப்பது இதுதான். பத்து நாள் கழித்து மேடவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்துவிட்டுத் தன் கைப்பேசியை என் முன் வைத்தார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் "எங்கே சார் இருக்கிறது?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறைதான் இவர் பதில் அனுப்பியிருக்கிறார். கேட்டவர் குழுவிலேயே இருக்கிறார், சொன்னவர் வெளியே. நீக்குவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு நிமிடம், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அந்தப் பதிவை உடனே அழிக்கும் வசதி அட்மினுக்கு இருக்கிறது. பதிவை அழித்திருந்தால் கூட்டுக்கு உடனடி ஆபத்து குறைந்திருக்கும். ஆளைப் பற்றி மறுநாள் நிதானமாகப் பேசியிருக்கலாம். பதிவை விட்டுவிட்டு ஆளை நீக்கினேன்.

புகார் சொன்னவரே தீர்ப்பும் சொல்வது இன்னொன்று. அன்று "இப்போதே நீக்குங்கள்" என்று வற்புறுத்திய இன்னோர் அட்மினுக்கும் நீக்கப்பட்ட நண்பருக்கும் ஒரு புகைப்படப் போட்டி தொடர்பாக ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அட்மின் சொல்லைக் கேட்டேன். பிணக்கு உள்ளவரை ஒதுக்கிவிட்டு, சம்பந்தமில்லாத இருவரிடம் விஷயத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆள் போன பிறகு அவரைப் பற்றிக் குழுவில் பேசுவதும் கூடாது. பதில் சொல்ல முடியாத ஒருவரை நூறு பேர் முன்னால் குறை சொல்வது கோழைத்தனம். அந்தப் பேச்சு திரைப்பிடிப்பாக அவர் கைக்குப் போய்ச் சேராமல் இருக்காது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். "இன்னார் இன்ன விதியை மீறியதால் 30 நாள் விலக்கப்பட்டிருக்கிறார், மறுபரிசீலனை கோரி இவருக்கு எழுதலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அதையும் முதலில் அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் குழுவில் போட வேண்டும்.

பயத்தில் நீக்குவதும் நடக்கிறது. உறுப்பினர் எதையோ போட்டால் அட்மினையும் போலீஸ் பிடிக்கும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அட்மினாக இருப்பது ஒன்றை மட்டும் காரணமாக வைத்து ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஃபிரீமேசன் என்ற சகோதரத்துவ அமைப்பின் கிளை (லாட்ஜ்) ஒன்றிலிருந்து நீக்கப்பட்டவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் வழிகாட்டியிருக்கிறது. விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும், இயற்கை நீதி (அவர் தரப்பைக் கேட்டு, சார்பில்லாமல் முடிவெடுப்பது) காக்கப்பட வேண்டும், நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும். இவை சரியாக இருந்தால் முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் மேல்முறையீடுபோல ஆராயாது. அந்த உறுப்பினர் தோற்றார். சந்தா, பயணத்துக்குக் கட்டிய முன்பணம், இரவல் வாங்கிய கேமரா முக்காலி ஆகியவற்றின் கணக்கையும் அன்றே முடித்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதற்கு நேர் எதிரான தவறையும் சொல்லியாக வேண்டும். பெண் உறுப்பினருக்கு இரவில் தனிச்செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பவர், சிறுவர்களிடம் அத்துமீறுபவர் என்று புகார் வந்தால் எச்சரிக்கை, அவகாசம் என்று இழுக்கக்கூடாது. முதலில் விலக்குங்கள், பிறகு விசாரியுங்கள். "மூத்தவர் ஆயிற்றே" என்று தயங்கிய குழுக்களிலிருந்து பெண்கள் ஒருவர்பின் ஒருவராக, சொல்லாமலே விலகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நீக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேறு எண்ணில் உள்ளே வராதீர்கள். அன்றிரவே போட்டிக் குழு தொடங்காதீர்கள். இரண்டு நாள் பொறுத்து, நடந்ததை மட்டும் எழுதி ஒரே ஒரு கடிதம் அனுப்புங்கள்.

எங்கள் நண்பர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். விதிகளை எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். "கூடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், சொல்லாதீர்கள்" என்பதுதான் அவர் எழுதிய முதல் வரி. நான் எழுதி வைத்திருந்த வரைவில் 'சொல்லாதீர்கள்' மட்டுமே இருந்தது.