மூச்சு வாங்கினாலும் நடக்கலாம்

சிஓபிடி மாதிரி நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் பலர், மூச்சு வாங்குகிறதே என்று பயந்து நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார உட்காரக் கால் தசை வலுவிழக்கும். வலுவிழந்த தசைக்கு அதே வேலைக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டும். நாலு படி ஏறினாலே முன்பைவிட அதிகமாக இரைக்கும். அதனால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மேடு பள்ளம் கிடையாது, மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளும் வராது. கடலூரில் என்றால் சில்வர் பீச். ஆனால் மணலில் இறங்க வேண்டாம், கால் புதைந்து சீக்கிரம் களைத்துவிடும்.

மூச்சு விடும் முறைதான் முக்கியம். மூக்கால் இழுத்தபடி 2 அடி வையுங்கள். அப்புறம் சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, மெதுவாக விட்டபடி 4 அடி. வேகமாக ஊதித் தள்ளக் கூடாது. இப்படி விட்டால் மூச்சுக்குழாய் சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்கும், உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். கூட வருபவரிடம் பேச முடிகிற வேகம் போதும். இரைத்தால் உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும். மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் வெளியே வேண்டாம். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பயிற்சி செய்யலாம். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.