சொகுசு காரின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றுவது

கன்டெய்னர் லாரிகள் ஓயாத வடசென்னையின் எண்ணூர், மணலி சாலைகளில் ஓடிய காரின் ஷாக் அப்சார்பரில் (அதிர்வைத் தணிக்கும் எண்ணெய்க் குழாயில்) எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தால், இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரைச் சுற்றியில்லாமல் ஸ்பிரிங் தனியாக அமைந்த பின்பக்கத்துக்கே இம்முறை பொருந்தும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியை வீட்டில் தொடவே வேண்டாம். கடற்காற்றில் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும் என்பதால், முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள்.

சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றியதும், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மை ஜாக்கியால் தாங்கிக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் அந்த ஆர்ம் கீழே இறங்காமல் தடுப்பதே ஷாக் அப்சார்பர்தான் என்பதால், தாங்கலின்றிப் போல்ட்டை உருவினால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியபின், வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு ஆர்மை ஜாக்கியால் உயர்த்திய பிறகே, கீழ் போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் போல்ட்டைச் சூழ்ந்துள்ள ரப்பர் வளையமான புஷ் விரைவில் கிழிந்துவிடும்.