தத்தித் தத்தி ஓடும் ரிமோட் படகைச் சீராக்குவது எப்படி?

புது ரிமோட் வேகப்படகை மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வாவியில் விட்டால் முதல் நாளே குறை தெரிந்துவிடும். நேராகப் போகும்போது தவளை மாதிரித் தத்தும், வளைத்தால் குப்புறக் கவிழும். உடனே பெரிய மோட்டர் போட நினைக்காதீர்கள். பெரும்பாலும் பிழை பாரத்தை வைத்த இடத்தில்தான் இருக்கும். அடிப்பக்கம் ‘வி’ வடிவில் உள்ள, ஒற்றைப் புரொப்பெல்லர் படகுக்குத்தான் இந்த விளக்கம்.

முதல் வேலை: சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிப்பது

பற்றரியை ஓடும்போது இருக்கும் இடத்திலேயே வையுங்கள், ஆனால் வயரைப் பொருத்த வேண்டாம். மூடியையும் போடுங்கள். இரண்டு சுட்டுவிரல்களையும் அடிப்பக்கத்தின் இரு ஓரங்களில் கொடுத்துப் படகை மெல்லத் தூக்குங்கள். முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பின் தட்டிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து பாருங்கள். படகின் நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் வந்தால் நல்ல தொடக்கம். 60 சென்ரிமீற்றர் படகென்றால் 18 சென்ரிமீற்றர். வேகம் எடுத்ததும் படகின் பின்பகுதி மட்டும்தான் தண்ணீரில் படும், அதனால்தான் புள்ளி நடுவில் இல்லாமல் பின்னுக்கு இருக்கிறது.

அதற்காக அளவுக்கு மிஞ்சிப் பின்னுக்குப் போனால் அணியம் (படகின் முன்முனை) எழும்பி எழும்பி விழும். மிகவும் முன்னுக்கு வந்தால் அணியம் தண்ணீரை உழும், வளைவில் சட்டென்று குத்தித் திரும்பும். என் படகு தத்திக்கொண்டே போனதைத் தோணியில் இருந்து பார்த்த ஒரு பெரியவர், "மனே, பாரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வை" என்றார். பற்றரியை ஒரு விரல் அகலம் நகர்த்தினேன். தத்துவது அடங்கிவிட்டது. நீங்கள் 5 மில்லிமீற்றராக நகர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. சரியான இடம் கிடைத்ததும் வெல்க்ரோ பட்டியால் பற்றரியை இறுக்கிவிடுங்கள்.

இரண்டாவது: ஒரு பக்கம் சாய்வது

புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுழன்றால் படகின் உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். தாழும் பக்கத்துக்கு எதிரே பற்றரியைச் சற்று ஒதுக்குங்கள். அதுவும் போதாவிட்டால் பின்னால் இருக்கும் ‘டிரிம் டேப்’ தகடுகளில், தாழும் பக்கத்துத் தகட்டை மட்டும் மயிரிழை அளவு கீழே வளையுங்கள். வேகத்தில் படகு இரு பக்கமும் மாறி மாறி ஆடினால் இரண்டு தகட்டையும் ஒரே அளவில் இறக்குங்கள்.

மூன்றாவது: சுக்கான்

சுக்கானை விரலால் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக அசைந்தால் அதைத் திருப்பும் கம்பி மாட்டிய ஓட்டை தேய்ந்திருக்கும், அதை மாற்றாமல் படகு நேராக ஓடாது. திரும்பும் வேகம் கூடிப் படகு கவிழ்ந்தால், சேர்வோவின் (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டர்) கையில் கம்பியை உள் ஓட்டைக்கு மாற்றுங்கள். சுக்கான் திரும்பும் அளவு குறையும். வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கவும் பழகுங்கள்.

அப்புறம், ஓட்டிப் பார்க்கும் நேரம். விடியற்காலையில் வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கச்சான் காற்று வீசும் நேரத்தில் சோதித்தால் அலையின் குற்றமா படகின் குற்றமா என்றே புரியாது. வலை போட்டிருக்கும் பக்கமும் ஆற்றுவாழை மிதக்கும் பக்கமும் போகாதீர்கள். அணியத்துக்குள் ரிஜிஃபோம் துண்டுகளை அடைத்தால் கவிழ்ந்தாலும் தாழாது. நின்றுபோன படகை இழுக்கத் தங்கூசி (நைலோன் நூல்) கட்டிய ஒரு டெனிஸ் பந்து கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாவித் தண்ணீரில் உப்பு உண்டு. புரொப்பெல்லர் தண்டை வெளியே இழுத்துத் துடைத்து, கிறீஸ் பூசித்தான் திரும்பச் செருக வேண்டும்.