‘இலவசம்’ என்று தொடங்காதீர்கள்: கட்டற்ற வலைத்தள மென்பொருளைப் பரிந்துரைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா என்று கட்டற்ற மென்பொருளில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்) வலைத்தளம் செய்து பழகியவர்களுக்கு அதை நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை எப்போதும் இருக்கும். எனக்கும் உண்டு. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஐந்து வரி, தலைமையாசிரியருக்கு அரைப்பக்கக் கடிதம், ஏதாவது கூட்டத்தில் இரண்டு நிமிடப் பேச்சு என்று பல வருடமாக எழுதியும் பேசியும் வருகிறேன். பாதிக்கு மேல் எடுபடவில்லை. பழையதையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, மென்பொருளில் ஒரு குறையும் இல்லை, சொன்ன விதம்தான் தப்பு என்று தெரிந்தது. அதே தப்புகளை மற்றவர்களுடைய பிட்ச்களிலும், அதாவது பரிந்துரைகளிலும், பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு முதல் சொல்லிலேயே நடந்துவிடுகிறது. ‘இது முழுக்க இலவசம்’ என்று ஆரம்பிப்பது. ஆங்கிலத்தில் காசில்லாமல் கிடைப்பதற்கும் சுதந்திரத்துக்கும் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல், அதனால் அவர்கள் வருடக்கணக்காக விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1998-ல் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று புதுப்பெயர் வைத்ததற்கு அந்தக் குழப்பமும் ஒரு காரணம். நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ‘கட்டற்ற’ என்று ஒரு நல்ல சொல் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நாமே போய் ‘இலவசம்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம். நம் ஊரில் இலவசம் என்று கேட்டதும் ஒன்றுக்கு ஒன்று தள்ளுபடியும், ‘சும்மா கிடைப்பது எத்தனை நாளைக்கு உழைக்கும்’ என்ற எண்ணமும்தான் முதலில் வரும். வருடக்கணக்கில் தொழில் நடத்துகிறவர் அப்படி யோசிப்பதில் தப்பும் இல்லை.

அதோடு அது முழு உண்மையும் இல்லை. மென்பொருளுக்குத்தான் காசில்லை. டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிக்கு, வருடாவருடம் கட்ட வேண்டும், தளத்தை வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்குக்குக் கட்ட வேண்டும், அமைத்துக் கொடுப்பவருக்குக் கூலி உண்டு. இலவசம் என்று சொல்லிக் கூட்டிவந்து பிறகு பில்லை நீட்டினால், அந்த ஆள் நம்மையும் நம்ப மாட்டார், கட்டற்ற மென்பொருள் என்ற பெயரையும் அதன்பிறகு நம்ப மாட்டார். செலவை நாமே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடை, நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் அவர்களுடைய முக்கிய வியாபாரம். அந்த அண்ணாச்சிக்கு நான் முதலில் அனுப்பியது இது:

“வணக்கம் அண்ணாச்சி. வேர்ட்பிரஸ் உலகின் முன்னணி ஓப்பன் சோர்ஸ் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். உலகத்தில் இருக்கும் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. ஆயிரக்கணக்கான தீம், பிளகின் உண்டு. எஸ்.இ.ஓ.வுக்கு ஏற்றது, பாதுகாப்பானது, வேகமானது, முற்றிலும் இலவசம். உங்கள் கடைக்கும் ஒன்று செய்யலாமே!”

ஒரு கட்டைவிரல் குறி வந்தது. அவ்வளவுதான், மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கடையில் டீ குடித்துக்கொண்டே பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்திருக்கிறது. செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே எடுத்து, தானே எழுதிய ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் தளமும் நின்றுவிட்டது. விளக்கு விளக்காக நிறுத்தி, கரி பட்ட இடத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்த முந்நூறு படங்கள் போயே போய்விட்டன. “இனிமே இந்த வேலையே வேண்டாம்னு இருக்கேன் தம்பி” என்றார். அவருக்குப் போய் ஜி.பி.எல். பற்றியும் எஸ்.இ.ஓ. (தேடலில் தளம் முன்னே வருவது) பற்றியும் எழுதியிருக்கிறேன். உண்மையில் அவருக்கு நடந்ததற்கு மருந்தே, மென்பொருளை யாரும் எடுத்துத் தொடரலாம் என்று சொல்லும் அந்த ஜி.பி.எல். உரிமம்தான், ஆனால் நான் எழுதிய வரியில் அது மருந்து என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து திருத்தி எழுதியது இது:

“அண்ணாச்சி, போன தடவை மாதிரி படமெல்லாம் போய்விடாதபடி ஒரு தளம் செய்யலாம். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கும். நாளைக்கு நான் இல்லாவிட்டாலும், வேர்ட்பிரஸ் தெரிந்த வேறு ஒருவரை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அப்படித் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே கிடைப்பார்கள். புது விளக்கு வந்தால் போனிலிருந்தே படம் ஏற்றிக்கொள்ளலாம். மென்பொருளுக்குக் காசில்லை, டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருடாவருடம் கட்ட வேண்டும், என் கூலி ஒரு தடவை. வியாழக்கிழமை மதியம் வந்து பத்துப் படம் ஏற்றிக் காட்டட்டுமா?”

“வாங்க தம்பி, மூணு மணிக்கு” என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் எல்லா வரியும் மென்பொருளைப் பற்றியே பேசுகிறது, அதை எந்த ஊரில் எந்தக் கடைக்கு அனுப்பினாலும் பொருந்தும். இரண்டாவதை வேறு ஒருவருக்கு அனுப்பவே முடியாது. அனுப்பும் முன் நான் இப்போது பார்ப்பது இதைத்தான்: பெயரை மட்டும் மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடிகிறதா? முடிகிறது என்றால் இன்னும் அந்த மனிதரைப் பற்றி எனக்குப் போதுமான அளவு தெரியவில்லை, போய்ப் பேச வேண்டும். 40 சதவீதம் என்ற எண்ணும் பொய்யில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். ‘வேறு ஒருவரை வைத்துத் தொடரலாம்’ என்று மாற்றியதும் அதே உண்மை அவருக்குப் பயன்படுகிறது. இத்தனை தளங்கள் ஓடுவதால்தான் இத்தனை பேர் அந்த வேலையைக் கற்று வைத்திருக்கிறார்கள்.

பெரிய பெயர்களைக் காட்டி மயக்கப் பார்ப்பது அடுத்தது. வெள்ளை மாளிகையின் தளம் 2009 அக்டோபரில் ட்ரூப்பலுக்கு மாறியது. ட்ரூப்பலுக்காகப் பேசியவர்களுக்கு அது பெரிய கொண்டாட்டம், எல்லாப் பரிந்துரையிலும் அந்த வரி இருக்கும். 2017 டிசம்பரில் அதே தளம் வேர்ட்பிரஸுக்குப் போய்விட்டது. பழைய வரியை அப்படியே விட்டிருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அது வேறு ஒன்றுக்கும் மாறலாம். அதைவிட, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஜவுளிக்கடைத் தளத்தைக் காட்டினால், ‘அவங்களே வச்சிருக்காங்களா’ என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு நாம் அதிகம் பேச வேண்டியிருக்காது.

பாதுகாப்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகமாக அள்ளிவிடுகிறோம். ‘நிரல் (மென்பொருளை எழுதிய வரிகள்) எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, ஆகவே பாதுகாப்பானது’ என்று எழுதுகிறோம். தெரிவது உண்மை, பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. இணையத்தில் தகவலை மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 முதல் எல்லார் கண்முன்னே இருந்து, 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதே வருடம் அக்டோபர் 15-ல் ட்ரூப்பல் 7-ல் ஒரு பெரிய குறையை அறிவித்துத் திருத்தமும் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ட்ரூப்பலின் பாதுகாப்புக் குழுவே, அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளங்கள் எல்லாவற்றிலும் ஆள் புகுந்துவிட்டதாக வைத்துக்கொண்டே நடவடிக்கை எடுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஏழு மணி நேரம் என்பது நம் ஊரில் ஒருவர் இரவு படுத்து எழுந்திருக்கும் நேரம்.

இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை, இதிலிருந்தே ஒரு நல்ல வரி எழுதலாம். குறை கண்டால் மறைக்காமல் அறிவிக்கிறார்கள், திருத்தம் வருகிறது, வேர்ட்பிரஸ் 2013-ல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது. ஆனால் தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சின்ன மென்பொருள்), பேக்கப் (காப்புப் பிரதி) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அது யார் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். ‘மாதம் ஒருமுறை நான் வந்து பார்க்கிறேன்’ என்ற ஒரு வரி, ‘மிகவும் பாதுகாப்பானது’ என்பதைவிட எத்தனையோ மடங்கு நம்பிக்கை தரும்.

‘இது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, யாராலும் தொட முடியாது’ என்பதையும் யோசித்து எழுதுங்கள். நிரலை நம்மிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது, சரி. ஆனால் பெயருக்கு வணிகச் சின்னம் உண்டு, பிளகின்களும் திருத்தங்களும் வரும் தளத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. இன்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் தகராறு முற்றியபோது, வேர்ட்பிரஸின் அந்தத் தளத்துக்குள் அந்த நிறுவனம் வரமுடியாதபடி தடுக்கப்பட்டது. அந்த நிறுவனத்தில் தளம் வைத்திருந்தவர்கள் தவித்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. இதைப் படித்த ஒருவரிடம் போய் ‘யாராலும் தொட முடியாது’ என்றால் அவர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்.

இதைவிட உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது, அதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று எனக்கு ஆதங்கம். வேர்ட்பிரஸ் பிறந்ததே ஒரு மென்பொருள் கைவிடப்பட்டதால்தான். மிஷேல் வால்ட்ரிகி எழுதிய பி2 என்ற மென்பொருளை அவர் தொடராமல் விட்டபோது, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மாட் முல்லன்வெக் அமெரிக்காவிலிருந்தும் மைக் லிட்டில் இங்கிலாந்திலிருந்தும் சேர்ந்து, அதே நிரலை எடுத்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். யாரிடமும் அனுமதிக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை, உரிமமே அதற்கு இடம் கொடுத்தது. 2005-ல் மாம்போ என்ற மென்பொருளின் குழுவினர் அதன் நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து ஜூம்லாவைத் தொடங்கினார்களே, அதுவும் இதே வழிதான். செய்தவர் விட்டுவிட்டுப் போனாலும் பொருள் சாகாது. அண்ணாச்சி மாதிரி அடிபட்ட ஒருவருக்கு இந்தக் கதையை மூன்று வரியில் சொன்னால் போதும்.

ஒரே பிட்ச்சில் எல்லாக் காரணத்தையும் அடைப்பதும் தவறு. சிறுபத்திரிகை நடத்தும் ஆசிரியருக்குப் பதினைந்து வருடத்துக் கட்டுரைகள் பத்திரமாக இருக்க வேண்டும், அதுதான் அவர் கவலை. 2009 அக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸ் என்ற தன் வலைப்பக்கச் சேவையை மூடியபோது அதிலிருந்த பக்கங்கள் என்ன ஆயின என்று சொல்லி, இதில் எல்லாக் கட்டுரையையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினால் அவருக்கு அது போதும். பள்ளித் தலைமையாசிரியருக்கு வேறு கவலை: கம்ப்யூட்டர் வாத்தியார் மாறுதலாகிப் போய்விட்டால் சுற்றறிக்கையை யார் போடுவது? அவருக்கு, எழுத்தரே போடலாம் என்பதைக் காட்ட வேண்டும். ஐந்து காரணம் சொன்னால் ஐந்தையும் பாதி நம்புவார்கள்.

சொற்களைப் பற்றி. ‘கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ என்பது புரியாது என்று அதை ‘உள்ளடக்க மேலாண்மை அமைப்பு’ ஆக்கினாலும் கடைக்காரருக்குப் புரியப்போவதில்லை. தமிழ்க் கலைச்சொற்கள் மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு, பிளகினைச் செருகுநிரல் என்றுதான் என் குறிப்புகளில் எழுதிக்கொள்கிறேன், ஆனால் முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் முதல் ஐந்து வரியில் அதற்கு இடமில்லை. ‘நீங்களே படம் போட்டு விலை மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் போதும். அதேபோல, வேர்ட்பிரஸ் டாட் காம் என்ற சேவையும் நாமே இறக்கிப் போட்டுக்கொள்ளும் வேர்ட்பிரஸ் மென்பொருளும் வேறு வேறு என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் தேடிப் போய் மாதக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, ‘காசில்லைன்னு சொன்னீங்களே’ என்று நம்மிடம் வந்து நிற்பார்.

மற்றவர்கள் பயன்படுத்துவதைத் திட்டாதீர்கள். இப்போதிருக்கும் தளத்தை அவருடைய அக்கா மகனே செய்து கொடுத்திருக்கலாம். ஒரே ஒரு பக்கம், முகவரி, போன் எண் மட்டும் போதும் என்பவருக்கு மாதக் கட்டணச் சேவையே வசதி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை அவரே உங்களைத் தேடி வருவார்.

கடைசி வரியில் ‘மேலும் விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று போடுவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் பழக்கம். படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு சின்ன வேலை என்று கேளுங்கள், ஆம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி. சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

அந்த வியாழக்கிழமை நான் மூன்று மணிக்குப் போனபோது அண்ணாச்சி ஐந்து விளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். படம் எடுக்கும் முன் டொமைன் பதிவைத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தேன். பெயரை அவரே அடித்தார், ஓ.டி.பி.யும் அவர் போனுக்கே வந்தது, ஆறு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். பாஸ்வேர்டைக் கணக்கு நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, “சரி தம்பி, இப்ப படம் எடுங்க” என்றார்.